தகடூர்ப் போரும் பேசாத புண்களும்

தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு மகன் பிறந்திருக்கிறான். களத்திலிருந்து வந்த கோலத்திலேயே குழந்தையைப் பார்க்க நிற்கிறான். கையில் வேல், காலில் கழல், மேலெல்லாம் வேர்வை, கழுத்தில் ஈரம் காயாத புண். தலையில் சூடிய போர்ப்பூவையும் எடுக்கவில்லை. புலியோடு பொருதுவிட்டு வந்த யானைபோல அவனுக்குள் சினம் அடங்காமல் இருக்கிறது. பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பெற்ற பிள்ளையைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை என்பதோடு பாட்டை முடித்துவிடுகிறார் ஔவையார். புறநானூற்றின் 100ஆம் பாட்டு இது.

மகன் பிறந்த வீட்டைப் பற்றிய பாட்டில் மகிழ்ச்சிக்கு இடமே இல்லை. குழந்தை எப்படி இருந்தது, தகப்பன் தூக்கினானா, தாய் என்ன சொன்னாள் என்ற எதுவும் இல்லை. மன்னனின் மறத்தைப் புகழும் பாட்டாகவே இதைப் படித்து வந்திருக்கிறோம். புலவர் நோக்கமும் அதுவாகவே இருந்திருக்கும். ஆனால் புகழ்வதற்காக அவர் எடுத்துக்கொண்ட சான்று வேறொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. போர் முடிந்துவிட்டது, உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. களத்திலிருந்து திரும்பியவரைவிட்டுக் களம் நீங்காத நிலையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் ஒரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது 1980இல்தான். ஔவையார் நோயைச் சொல்லவில்லை. கண்ணின் நிறத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

போர்க்கதைகளில் வீரனின் உடற்சுமையும் மனச்சுமையும் எந்த உத்திகளால் வாசகருக்கு வந்து சேர்கின்றன என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் முதல் உலகப்போர் நாவல்களிலிருந்தோ வியட்நாம் கதைகளிலிருந்தோ தொடங்குவார்கள். தமிழில் தொடங்க வேண்டுமானால் தகடூரிலிருந்து தொடங்கலாம். இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். ஊரை அடுத்த அதியமான்கோட்டை இன்றும் அந்தக் குடியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, நெடுமான் அஞ்சி பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் அல்லன் என்பதை உறுதிப்படுத்தியது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி அழித்த போர், சங்க இலக்கியத்தில் பல புலவர்கள் பல பக்கங்களிலிருந்து பார்த்த போர். ஔவையார் அதியமான் பக்கம். அரிசில் கிழார் வென்ற சேரனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர்; அதியமான் பக்கத்தில் தோற்று விழுந்த எழினிக்காகப் புறநானூற்றில் (230) இரங்கியவரும் அவரே. பொன்முடியாரையும் பழைய உரை அந்தக் களத்தோடு சேர்த்தே பேசுகிறது.

இந்தப் பாட்டுகளில் வீரன் தன் வலியைத் தானே சொல்வது அரிது. சுமையைப் புலவர்கள் அவன் வாயிலிருந்து எடுத்துப் பொருள்மேல் வைக்கிறார்கள், பார்ப்பவர் கண்ணில் வைக்கிறார்கள், வீட்டின்மேல் வைக்கிறார்கள். தகடூர் இலக்கியத்தின் கைத்திறன் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது.

கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் ஔவையார் போனபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்கிறது 95ஆம் பாட்டின் கீழ்க்குறிப்பு. அவர் இரண்டு பட்டியல் போட்டார். இங்கே இருப்பவை பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல்மிக்க அரண்மனையில் இருக்கின்றன. அங்கே இருப்பவையோ பகைவரைக் குத்திக் குத்தி மூட்டும் முனையும் சிதைந்து, எப்போதும் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. யாருடைய வேல் என்பதை, இருந்தால் பிறருக்குக் கொடுத்தும் இல்லாவிட்டால் பிறரோடு பகிர்ந்தும் உண்பவன் என்ற அடையாளத்தோடு கடைசியில்தான் சொல்கிறார்.

வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படிக்கும் பாட்டு. போர்க்கதை உத்தியாகப் பார்த்தால் இதில் இன்னொன்று தெரியும். இரும்பின் முனை மழுங்கிய அளவை வைத்து அதைப் பிடித்த கைகள் எத்தனை போரைக் கண்டிருக்கும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேல் பட்டறைக்குப் போகிறது. அதை எறிந்தவன் எங்கே போனான் என்ற கேள்வியைப் பாட்டு கேட்கவில்லை, ஆனால் எழுப்பிவிடுகிறது. இந்த வட்டாரத்தில் கொல்லன் உலை புலவர் கற்பனையும் அல்ல. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தையது என்ற காலக்கணிப்பைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது.

பொருள்களை அடுக்கியே ஆளைக் காட்டும் இதே உத்தியை டிம் ஓ'பிரையன் வியட்நாம் போரைப் பற்றி 1990இல் வெளியிட்ட 'தி திங்ஸ் தே கேரிட்' நூலில் கடைசி எல்லைவரை கொண்டுபோனார். இரும்புத் தொப்பி ஐந்து பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் நிறை போட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, பயத்தையும் துக்கத்தையும் அதே பட்டியலில் அதே தொனியில் சேர்த்துவிடுகிறார். நிறை சொல்லிப் பழக்கிய வாசகரின் மனம் பயத்துக்கும் ஒரு நிறையைத் தேடத் தொடங்கிவிடும். ஔவையார் நிறை சொல்லவில்லை, தேய்மானத்தைச் சொன்னார். கருவி பேசட்டும், ஆள் சும்மா இருக்கட்டும் என்ற முடிவு இருவருக்கும் பொது.

சிறு கோலுக்கு அஞ்சியவன்

பொன்முடியாரை மேடையில் எல்லோரும் அறிவார்கள். பெறுவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு என்று கடமைகளைப் பங்கு போடும் 312ஆம் பாட்டு அவருடையது. அதே பொன்முடியாரின் 310ஆம் பாட்டை மேடையில் கேட்பது அரிது.

தாய் பேசுகிறாள். பால் ஊட்டும்போது குடிக்க மாட்டான். கோபமே இல்லாமல் ஒரு சின்னக் குச்சியை ஓங்கினால்கூட நடுங்குவான். அந்தப் பிள்ளை இப்போது யானையைக் கொன்றும் போதாது என்கிறான். மார்பில் அம்பு தைத்திருக்கிறது. கேட்டால், எனக்குத் தெரியவில்லையே என்கிறான். கேடயத்தின்மேல் கிடக்கிறான்; மீசை தாடி அரும்பும் வயசு.

இரண்டு காலத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் உத்தி இது. இடைப்பட்ட ஆண்டுகளைத் தாய் ஒரு சொல்லில் தாண்டிவிடுகிறாள். அதனால் குச்சிக்கு நடுங்கிய உடம்பும் அம்பு தைத்த உடம்பும் வாசகருக்கு ஒரே உடம்பாகத் தெரிகின்றன. முந்தைய நாள் களத்தில் விழுந்தவனின் மகன் இவன் என்ற செய்தி போகிற போக்கில் வருகிறது; அவள் கணவனும் போய்விட்டான் என்பதை அங்கே நின்று சொல்வதற்குப் பாட்டுக்கு நேரமில்லை. புண்பட்டவனுக்கு இருக்கும் ஒரே பேச்சு, தெரியவில்லை என்பது. வலியை உணராத வீரம் என்று உரையாசிரியர் சொல்வார். பெற்றவளுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கும்.

வீட்டுக்குள் வந்த போர்

அரிசில் கிழாரின் 281ஆம் பாட்டு களத்தில் நடக்கவில்லை, வீட்டுக்குள் நடக்கிறது. வீட்டின் இறப்பில் வேப்பிலையும் இரவ இலையும் செருகுகிறார்கள். யாழும் மற்ற கருவிகளும் ஒலிக்கின்றன. கையால் மெதுவாக மை இழுகுகிறார்கள், வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், ஆம்பற்குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், வீடு நிறைய நறும்புகை போடுகிறார்கள். இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, வா தோழி, வேந்தனுக்கு வந்த துன்பத்தைத் தாங்கிய அவர் புண்ணைக் காப்போம் என்கிறாள் மனைவி. பாட்டின் கடைசிச் சொல்லாகத்தான் புண் வருகிறது.

இந்த ஒழுங்கு தற்செயலாக வந்தது அல்ல. தமிழ்த் தொடர் வினையையும் முதன்மைச் செய்தியையும் கடைசிவரை நிறுத்தி வைக்கவல்லது. ஆசிரியப்பா அந்த வசதியை நன்றாகவே பயன்படுத்துகிறது. மணமும் ஒலியும் தொடுகையுமாகப் புலன்களை நிரப்பிக்கொண்டே போய், இவ்வளவும் எதற்காக என்பதை இறுதியில் இறக்கி வைக்கிறார் புலவர். 100ஆம் பாட்டில் சிவப்பும் 95இல் வேலும் இப்படித்தான் வாயிலில் காத்திருந்து கடைசியில் உள்ளே வருகின்றன. புண்பட்டவன் மட்டும் 281இல் ஒருமுறைகூட முனகவில்லை. அவனுக்காக வீடே விழித்திருக்கிறது.

இதற்கு இலக்கணமே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாமல் மனைவி காப்பதைத் தொடாக்காஞ்சி என்ற துறையாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்தது. காக்கச் சுற்றம் இல்லாதவனுக்கும் ஒரு துறை உண்டு: களத்தில் கிடக்கும் அவனைப் பேயே காத்து நிற்கும். புண்ணைக் கிழித்துக்கொண்டு தானே சாகிறவனுக்கும் உண்டு. காஞ்சித் திணையின் துறைகளை வரிசையாகப் படிப்பவருக்கு, போர் முடிந்த இரவில் என்னென்ன நடக்கும் என்பதை நெருங்கி நின்று பார்த்தவர்கள் வகுத்த பட்டியல் என்றே தோன்றும்.

மருத்துவத்தையும் புலவர்கள் அருகில் இருந்தே பார்த்திருக்கிறார்கள். பரணர் பதிற்றுப்பத்தில் (42) புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் காட்டுகிறார். மீன் தேடிக் குளத்தில் மூழ்கி மேலெழும் சிச்சிலிப் பறவைபோல ஊசி சதைக்குள் போய் வெளியே வருகிறது. உவமை அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே ஊசி எவ்வளவு ஆழம் போய் வருகிறது என்பது உறைக்கிறது. அதியமானின் கோவலூர் வெற்றியைப் பாடியவரும் இந்தப் பரணர்தான் என்று ஔவையாரே 99ஆம் பாட்டில் சொல்கிறார்.

அதியமான் விழுந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் பாட்டு, ஆயுதத்தின் பாதையையே கதையாக்குகிறது. அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்கவில்லை. பாணர்களின் உண்கலத்தைத் துளைக்கிறது, இரப்பவர் கையைத் துளைக்கிறது, சுற்றத்தாரின் கண்ணொளியை மங்கச் செய்கிறது, கடைசியில் புலவர் நாவில் போய் விழுகிறது. ஒரு சாவு எத்தனை பேர்மேல் விழும் என்பதைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி கிடைப்பது கடினம்.

வடக்கே தகடூரை விட்டுத் தெற்கே போனால் பத்துப்பாட்டின் இரண்டு நூல்கள் மன்னன் பக்கத்திலிருந்து சுமையைப் பார்க்கின்றன. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பாசறை மன்னனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கை படுக்கையில், ஒரு கை தலைக்கு முட்டாக. புண்பட்டுப் பிடியை மறந்த யானையையும், உண்ட சோற்றுக்காகச் செத்தவர்களையும், அம்பு தைத்துச் செவி சாய்த்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரையையும் மாறி மாறி நினைக்கிறான். நக்கீரரின் நெடுநல்வாடையில் வாடைக்காற்று விளக்கை அலைக்கழிக்கும் நடுச்சாமத்தில் மன்னன் சேற்றுத் தெருவில் இறங்கி நடக்கிறான். படைத்தலைவன் முன்னே போய்ப் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான்.

கல்லில் எழுதிய உரைநடை

இத்தனை கரிசனத்திலும் ஒரு குறை இருக்கிறது. நெடுநல்வாடையில் மன்னனுக்குக் காட்டப்படும் மறவர்களில் ஒருவர் பெயரும் பாட்டில் பதிவாகவில்லை. 310இன் பிள்ளைக்கும் 281இன் கணவனுக்கும் பெயர் கிடையாது. அகத்திணைத் தலைவனுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது மரபு. புறத்திலோ மன்னனுக்குப் பெயர் உண்டு, அவனுக்காகப் புண்பட்டவனுக்கு இல்லை. மேலும், பாட்டு மன்னனின் கொடையை நம்பி வாழ்ந்தது. பதிற்றுப்பத்தின் பதிகத்தை நம்பினால், எட்டாம் பத்துக்கு அரிசில் கிழார் பெற்ற பரிசு ஒன்பது நூறாயிரம் காணம். போரே வேண்டாம் என்று சொல்லும் இடம் அந்த அமைப்பில் குறுகலானது. 93ஆம் பாட்டு இதைக் கூசாமல் சொல்கிறது: நோயில் செத்த அரசரைத் தருப்பையில் கிடத்தி வாளால் கீறிய பிறகே அடக்கம் செய்வார்கள்; உன் கையால் செத்தவர்கள் அந்த இழிவிலிருந்து தப்பினார்கள். இதைப் பாடும்போது ஔவையாருக்கு எதிரில் நின்ற அதியமானே புண்பட்டிருந்தான் என்று கீழ்க்குறிப்பு சொல்கிறது.

பெயர் கிடைப்பது நடுகல்லில். தருமபுரி, செங்கம் வட்டாரங்கள் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து இருளப்பட்டி போன்ற ஊர்க்காடுகளிலிருந்து படியெடுத்த கல்வெட்டுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் நூல்களாக வெளியிட்டது. தருமபுரி நகரின் அகழ்வைப்பகத்தில் இந்தக் கற்களை நேரில் பார்க்கலாம். எழுத்து ஏறக்குறைய ஒரே வாய்பாடு: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்னாரின் சேவகன் இன்னான், தொறு கொண்டபோது மீட்டுப் பட்டான். அவ்வளவோடு முடிந்தது. தொறு என்றால் மாட்டு மந்தை; பட்டான் என்றால் செத்தான்.

பாட்டில் வலி இருக்கிறது, பெயர் இல்லை. கல்லில் பெயர் இருக்கிறது, வலி இல்லை. ஆனாலும் கல்லின் வறண்ட வாசகம் சில இடங்களில் கதையாகிவிடும். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. கல்லில் அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே பொறித்திருக்கிறார்கள். புலவர்கள் மறவனுக்குத் தராத பெயரை ஊரார் நாய்க்கும் தந்திருக்கிறார்கள். எழுத்து பேசாததைச் சிற்பமும் ஓரளவு பேசுகிறது: உடம்பில் அம்புகள் தைத்த நிலையிலேயே வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரரை நடுகற்களில் பார்க்கலாம்.

ஔவையாருக்கு நடுகல்லே போதவில்லை. 232ஆம் பாட்டில், மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். இறந்தவனுக்குச் செய்யும் மரியாதையின்மேல் தமிழில் எழுந்த பழைய ஐயங்களில் இது ஒன்று.

ஒரே நூலில் இரண்டும்

பெயரையும் வலியையும் ஒரே இடத்தில் வைக்கும் வாய்ப்பு நாவலுக்குத்தான் முழுமையாகக் கிடைத்தது. முதல் உலகப்போரைப் பற்றிய ரெமார்க்கின் 1929ஆம் ஆண்டு ஜெர்மன் நாவலில் செத்த நண்பனின் காலணி அடுத்தவனுக்குப் போகிறது, அவனும் செத்தபின் இன்னொருவனுக்கு. காலணி மட்டும் சாவதில்லை. ஈழப்போரை எழுதிய சயந்தனின் 'ஆறாவடு' நாவலில் ஒரு செயற்கைக்கால் கடலில் மிதந்து எரித்திரியக் கரையில் ஒதுங்குகிறது. இன்னொரு போர் தின்ற நாட்டில், இன்னொரு உடம்புக்கு அது பயன்படுகிறது. ஔவையார் வேலின் பாதையைத் தொடர்ந்ததுபோல இவர்கள் காலணியின் பாதையையும் காலின் பாதையையும் தொடர்கிறார்கள்.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) நடுகல்லின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அகதி விண்ணப்பத்தின் அலுவலக நடையில் தொடங்கி, கதைக்குக் கீழே அடிக்குறிப்புகளாக ஆட்களையும் இயக்கங்களையும் நிகழ்வுகளையும் பதிவு செய்துகொண்டு போகிறது. மேலே ஓடும் கதை நக்கலும் அச்சமுமாக உடம்பைப் பற்றிப் பேசுகிறது. கீழே அடிக்குறிப்பு, பட்டான் கல்லின் வறட்சியோடு, செத்தவர் கணக்கைத் தருகிறது. தன் துயரத்தைத் தானே சொல்ல வேண்டிய கட்டாயம் அகதிக்கு உண்டு. சொல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். சங்கப் பாட்டில் வாய் திறக்காத வீரன் இங்கே அதிகாரி முன்னால் வாய் திறந்தே ஆக வேண்டும்; நம்புகிறபடியும் சொல்ல வேண்டும்.

தகடூர்ப் போருக்கே இப்படி ஒரு நூல் இருந்தது. தொல்காப்பியச் செய்யுளியலில் தொன்மை என்ற வனப்பை விளக்கும் பேராசிரியர், உரையும் பாட்டும் கலந்து பழங்கதையைச் சொல்லும் நூலுக்குப் பெருந்தேவனார் பாரதத்தோடு 'தகடூர் யாத்திரை'யை எடுத்துக்காட்டுகிறார். மன்னனைப் புகழும் தனிப்பாட்டுகளாக இல்லாமல், ஒரு முற்றுகையைத் தொடக்கம் முதல் முடிவுவரை உரைநடையும் சேர்த்துச் சொன்ன நூல் என்றால், தமிழில் போர்நாவலுக்கு மிக அருகில் வரும் பழைய நூல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி அதை மறைந்துபோன தமிழ் நூல்களின் வரிசையில் வைத்தார்.

எஞ்சியவற்றில் பெரும்பகுதி புறத்திரட்டு என்ற பிற்காலத் தொகுப்பில் இருக்கிறது. வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த அந்தத் தொகுப்பில் தகடூர் யாத்திரைப் பாட்டுகள் நாற்பதுக்கு மேல் உள்ளன. தொகுத்தவர் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கியதால், எந்தப் பாட்டு யார் வாயில் எந்த நாளில் வந்தது என்ற கதைத்தொடர்பு அறுந்துவிட்டது. உரைநடைப் பகுதியை அவர் எடுக்கவே இல்லை. சூழல் தெரிவது நச்சினார்க்கினியர் புறத்திணையியல் உரையில் தரும் சில குறிப்புகளால் மட்டுமே. அவற்றில் ஒன்றில், தன் படை எப்படி அழிந்தது என்று சேரமான் பொன்முடியாரையும் அரிசில் கிழாரையும் கேட்கிறான். அவர்கள் விடை சொல்கிறார்கள். வென்ற மன்னன் தன் பக்கத்து இழப்பைப் புலவர்களிடம் கேட்டறியும் அந்தக் காட்சியைத் தகடூர் யாத்திரையின் உரைநடை எவ்வளவு விரித்திருக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் புலவரைக் களத்தின் சாட்சியாக நிறுத்தி, மன்னனைக் கேட்பவனாக உட்கார வைக்கும் அமைப்பு அந்த நூலில் இருந்தது என்பது மட்டும் இந்தக் குறிப்பால் உறுதியாகிறது. தகடூர்ப் போரைப் பற்றிய பாட்டுகளையும் தருமபுரி நடுகற்களின் வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முற்படும் ஆய்வாளர் இந்த அமைப்பிலிருந்தே தொடங்கலாம்.